மடித்தால் மடியில் அடங்கும் வண்டி

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலிருந்து மூடுபனி. கந்தப்பளை டவுன் இருக்கிற இடமே தெரியவில்லை. துவைத்த துணி கொடியில் நாள் கணக்காக, இன்னும் ஈரம். சேலையை அடுப்படியில் காயவைத்ததில் புகை வாசம். அதையே கட்டிக்கொண்டு போய் நான்காம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். முன்வரிசைப் பிள்ளை மூக்கைச் சுளித்தது.

மாலையில் அண்ணி போன்.

"கலா, பன்னெண்டாந்தேதி திருகோணமலைக்குப் போறோம். உங்கண்ணன் வேன எடுக்கிறாரு. நாங்க, என் தங்கச்சி வீட்டு ஆளுங்க, நீங்க ரெண்டு பேரு. வேன் சரியா இருக்கும்."

ரெண்டு பேரா, மூணு பேரா என்று கேட்டேன்.

"தாரணிய பக்கத்து வீட்டு சரசு அக்காக்கிட்ட விட்டுட்டு வாங்களேன். அவளுக்கு அந்த வெயில் ஒத்துக்காது. உனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல."

போன வருஷம் கதிர்காமம் போனபோதும் இதே பேச்சு. இவர் மட்டும் போய் வந்தார். நானும் தாரணியும் வீட்டில். இந்த முறை "பார்த்துச் சொல்றேன் அண்ணி" என்று வைத்துவிட்டேன். 'வரமாட்டேன்' என்று ஏன் உடனே வாயில் வரவில்லை? எனக்குப் போக ஆசை. அதுதான் காரணம்.

தாரணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஆறு வயது. பிறந்ததிலிருந்து காலில் பலம் இல்லை, நிற்க முடியாது. அதற்கும் சேர்த்துக் காது கூர்மை. பக்கத்து லயத்து வீட்டில் முணுமுணுத்தாலும் கேட்டுவிடும்.

"வேன்ல இடம் இல்லையாம்மா?"

"இருக்கும். பாப்போம்."

"நான் சுருண்டு படுத்துக்குவேன். சின்னதா."

காட்டினாள். முழங்காலைக் கையால் இழுத்து நெஞ்சோடு வைத்து, தலை குனிந்து. நான் எழுந்து போய், கொடியில் இன்னும் காயாத துணியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

இடுப்பு வலி. தாரணியைக் குளிக்கத் தூக்கிப் போனது, கொண்டு வந்தது. அவள் வளர்கிறாள், நான் வளரவில்லை.

நேற்று யோசித்தது: ஒரு ஸ்ட்ரோலர், பிள்ளையை வைத்துத் தள்ளுகிற வண்டி. சின்னதாக மடிவது. சீட்டுக்கு அடியில் போய்விட்டால் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவளை நான் மடியில் வைத்துக்கொள்வேன். இறங்கினால் தூக்க வேண்டியதில்லை.

பகல் முழுக்க போனில் அதுதான். சோறு அடிப்பிடித்தது. பார்த்ததில் நினைவுக்கு:

– குடை மாதிரி மடிகிறது ஒன்று. ரொம்ப லேசு. சீட் வெறும் துணி. தாரணி முதுகு குழிந்துவிடும். வேண்டாம்.
– பெட்டி மாதிரி மடிகிறது. விமானத்தில் தலைக்கு மேலேயே வைக்கலாமாம். ஆனால் பதினைந்து கிலோ வரைதான். தாரணி அதைத் தாண்டியாயிற்று.
– பெரிய சக்கரம் வைத்தது. எந்த ரோட்டிலும் போகுமாம். மடித்தாலும் ஒரு ஆட்டுக்குட்டி அளவு. வேனில் ஏற்ற விடமாட்டார்கள்.

வீடியோக்களில் வெள்ளைச் சப்பாத்து போட்ட பெண்கள் ஒரு கையால் மடிக்கிறார்கள், மறு கையில் காப்பி. தரை எல்லாம் கண்ணாடி. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

இவர் மரக்கறிக் கடையிலிருந்து வந்ததும் காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"இது கைப்பிள்ளைக்குச் செஞ்சதும்மா."

"பெரிய பிள்ளைக்கும் இருக்குங்க. தேடணும்."

"எதுக்கு? நான் தூக்குறேனே."

கடையில் கோவா, கிழங்கு மூட்டை, வீட்டில் தாரணி. இவர் தூக்குவார்தான். நாளெல்லாம் இவர் வீட்டில் இருக்கிறாரா?

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நுவரெலியா. தூறல். குடையை ஸ்டாஃப் ரூமில் மறந்துவிட்டேன்.

பிள்ளைச் சாமான் கடை, மேல்மாடி. நின்ற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், நல்ல சிரிப்பு.

"பேபிக்கு எத்தன மாசம் மிஸ்?"

"ரெண்டரை வயசு."

பொய். எப்படி அவ்வளவு சட்டென்று வந்தது? அவள் நம்பிவிட்டாள். நான் நின்றுகொண்டே இல்லாத ஒரு ரெண்டரை வயதுப் பிள்ளைக்கு வண்டி பார்த்தேன். நீலம், சாம்பல், பூப்போட்டது. சீட்டிலிருந்து கால் வைக்கும் பலகை வரை என் முன்கையை வைத்து அளந்தேன். தாரணியின் முழங்காலிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய அவ்வளவு. கால் தொங்கும், முன்சக்கரத்தில் இழுபடும்.

"பேபி கொஞ்சம் உயரமோ?" என்றாள் அந்தப் பெண்.

"அவங்கப்பா உயரம்."

இதுவும் பொய். வெறுங்கையோடு இறங்கினேன். பஸ் முழுக்க நனைந்த ஆட்கள். ஏன் ஆறு வயது என்று சொல்லவில்லை?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அரை நாள் லீவு. தாரணிக்கு கிளினிக். பயிற்சி கொடுக்கிற மிஸ் சிங்களவர், ஆனால் தாரணியோடு அரைத் தமிழ். கையை நீட்டவைத்து, இழுக்கவைத்து, பந்து எறியவைத்து. கை நல்ல பலம் என்றார். பிறகு என்னைப் பார்த்து,

"பபா தென் லொக்குய் நே, அம்மே."

பிள்ளை பெரிதாகிவிட்டதே என்கிறார். அடுத்து என்ன வரும் என்று தெரியும். வந்தது. சக்கர நாற்காலிக்கு எழுதலாம், சின்ன அளவிலேயே இருக்கிறது, அவளே கையால் தள்ளப் பழகலாம். மூலையில் ஒன்று நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தாரணி திரும்பினாள். "அதுல பீப் பீப்னு ஹோன் இருக்கா மிஸ்?"

மிஸ் சிரித்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வரும்போது பஸ்ஸில் இடமில்லை. தாரணியை இடுப்பில் வைத்து நின்றேன். ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா எழுந்து இடம் கொடுக்காமல் புத்தி சொன்னார்.

"இவ்ளோ பெரிய பிள்ளைய ஏன் தூக்குறீங்க? நடக்க விடுங்க. செல்லம் குடுத்துக் கெடுக்காதீங்க."

நான் தாரணியை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்தேன். பதில் அவளிடமிருந்து வந்தது.

"எனக்குக் கால் வேல செய்யாது ஆன்ட்டி. வாய்தான் வேல செய்யும்."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா எழுந்துவிட்டார். உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் நிம்மதி இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சண்டை. சத்தம் போட்டது நான்தான்.

கிளினிக்கில் சொன்னதை இவரிடம் சொன்னேன். ஸ்ட்ரோலர்தான் வேண்டும், மற்றது வேண்டாம் என்றேன். இவர் பாண் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே கேட்டார்:

"ஸ்ட்ரோலர்னா என்னா? அதுன்னா என்னா? ரெண்டும் சக்கரம்தானே?"

"ஸ்ட்ரோலர்ல இருந்தா தூரத்துல பாக்கிறவங்க, சின்னப் பிள்ள தூங்குதுன்னு நெனைப்பாங்க."

"யாருக்கு மறைக்கிற கலா?"

அதற்குத்தான் சத்தம் போட்டேன். உங்களுக்கென்ன தெரியும், பஸ்ஸில் பேச்சுக் கேட்கிறது நீங்களா என்று என்னென்னவோ. இவர் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவினார். வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு ரெண்டுமே பிடிக்கல. தூக்கி வச்சிருந்தா அவ மொகம் நம்ம மொகத்துக்கு நேரா இருக்கு. வண்டில போட்டா கீழ போயிரும். எல்லாரோட இடுப்பையும் பாத்துக்கிட்டு இருப்பா."

இத்தனை நாள் இதைச் சொல்லவே இல்லை. நானும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து என் போனை எடுத்து, "என்ன பேரு போட்டுத் தேடணும்?" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

ஹட்டன். நேற்று இவர்தான் விளம்பரத்தைக் கண்டுபிடித்தார். பாவித்த ஸ்ட்ரோலர். இருபத்திரண்டு கிலோ வரை தாங்கும், மூன்றாக மடியும், தோளில் மாட்ட வார் உண்டு. படத்தில் மெத்தைக்குப் பின்னால் யாரோ ஒருவர் கால்.

தாரணியையும் கொண்டுபோனோம். உட்கார்ந்து பார்க்காமல் எப்படி வாங்குவது? தலவாக்கலை வரை தூங்கினாள், பிறகு ஹட்டன் வரை பேச்சு.

ரயில் பாதைக்கு மேலே ஒரு வீடு. விற்கிறவர் ஒரு இளம் தாய். கதவைத் திறந்து, இவர் கையில் தாரணியைப் பார்த்து, அவள் காலைப் பார்த்து, ஒன்றும் கேட்கவில்லை. "உள்ள வாங்க, குளிரா இருக்கு" என்றார். அவருக்கு மனதில் ஒரு கும்பிடு.

வண்டியைக் கொண்டு வந்ததும் அந்த வீட்டுக் குட்டிப் பையன் ஓடி வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. "என் வண்டி! என் வண்டி!"

தாரணி மேலிருந்து, "நீதான் நடக்கிறியே, ஒனக்கு எதுக்குடா?" என்றாள். அவன் அழுகையை நிறுத்தி யோசித்தான். நாங்கள் பெரியவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

உட்காரவைத்தோம். முதுகு நிமிர்ந்து நிற்கிறது. வார் அகலம். கால் கொஞ்சம் தொங்குகிறது, ஆனால் சக்கரத்தில் படவில்லை. அந்தத் தாய் மடித்துக் காட்டினார்: கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்தி, திருகி, தள்ள, பொத்தென்று குனிந்துகொண்டது. இவர் செய்தபோது மடியவில்லை. நான் செய்தபோது மடிந்தது. இன்னொரு தடவை செய்தேன், சும்மா.

வாங்கியாயிற்று. மடித்தால் என் பள்ளிக்கூடப் பையைவிடக் கொஞ்சம் பெரிது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இவர் மடியில் தாரணி, என் மடியில் வண்டி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில்! கொடித்துணி எல்லாம் காய்ந்தது.

படிக்கட்டில் வண்டி உதவாது, தெரிந்ததுதான். இவர் அவளைத் தூக்க, நான் வண்டியைத் தோளில் மாட்டி ஏறினேன். மேலே தேயிலை ஃபெக்டரிக்குப் போகிற தார் ரோடு. விரித்தோம். உட்காரவைத்தோம். தள்ளினேன்.

என்னமோ கை காலியாகிவிட்டது. ஆறு வருஷமாக வெளியே போனால் என் மேல் ஒரு பாரம். இப்போது இல்லை. மூச்சு வாங்காமல் நடக்கிறேன். அவள் முகம் மட்டும் தெரியவில்லை, வண்டியின் கூரைதான் தெரிகிறது.

"அம்மா, பின்னால இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இப்ப?"

"இருக்கேன்டி."

"அப்ப வேகமா தள்ளுங்க."

லயத்துப் பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்ற இரண்டு பேர், "என்னா டீச்சர், பெரிய பிள்ளைய பேபி வண்டில வச்சித் தள்ளுறீங்க" என்றார்கள். கேலியா, அக்கறையா? நின்று பதில் சொல்லத் தோன்றவில்லை. தள்ளிக்கொண்டே போனேன். இவர் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடிக்கடி குனிந்து அவள் முகத்தை எட்டிப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். சந்தோஷமாகவே சொன்னேன்: வண்டி வாங்கிவிட்டோம், சீட்டுக்கு அடியில் போய்விடும், தாரணி என் மடியில், இடப் பிரச்சினையே இல்லை.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"இடத்துக்காக இல்லம்மா."

"வேற எதுக்குண்ணே?"

"கோயில், கடல்னு நாலு எடத்துக்குப் போவோம். அங்கங்க எல்லாரும் அவளுக்காக நிக்க வேண்டி வரும்ல. உங்கண்ணி தங்கச்சி வீட்டு ஆளுங்க வேற இருக்காங்க. அடுத்த தடவ நாம மட்டும் போவோம்."

என் கூடப் பிறந்தவர். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் ரோடு வரை முதுகில் தூக்கி ஓடியவர். அவருக்கு நான் என்ன சொல்வது? "சரிண்ணே, போயிட்டு வாங்க" என்றேன்.

வைத்துவிட்டு வந்து இவரிடம்:

"நாம பஸ்ல போவோம்."

"எங்க?"

"திருகோணமலைக்கு. நாம மூணு பேரும். அதே பன்னெண்டாந்தேதி. ஸ்கூலும் லீவுதான்."

"பஸ்லயா?"

"பஸ்லதான்."

இவர் என்னைப் பார்த்தார், மூலையில் மடிந்து கிடந்த வண்டியைப் பார்த்தார். "கடையில லீவு கேக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

தாரணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் போல. சுவெட்டரை இப்போதே பையில் வைக்கிறாள். அங்கே சுவெட்டர் வேண்டாம் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடியும் முன் கிளம்பியது. கை வலிக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

நுவரெலியாவில் கண்டி பஸ். நடத்துனர் வண்டியைப் பார்த்ததும், "அக்கே, பிட்டிபஸ்ஸட்ட தாண்ட." பின்னால் போடச் சொல்கிறார். பின்னால் மூட்டைகள். போட்டால் நசுங்கும். மடித்து என் முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் செருகிக் காட்டினேன். ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, டிக்கட் கிழிக்கப் போய்விட்டார்.

ரம்பொடை வளைவுகளில் தாரணி வாந்தி. பை தயாராக இருந்தது. கொத்மலை அணைத் தண்ணீர் தெரிந்ததும் தெம்பாகி, "இதுதான் கடலா?" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கண்டி பஸ் ஸ்டாண்ட். இங்கேதான் எனக்குப் பயம். அவ்வளவு கூட்டத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு மூச்சிறைக்க ஓடுவதுதான் வழக்கம். இன்று விரித்தேன், வாரைப் போட்டேன், தள்ளினேன். கூட்டம் தானாக விலகியது. சக்கரம் ஒரு குழியில் சிக்கியபோது யாரோ ஒரு பையன் குனிந்து தூக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே போனான். திருகோணமலை பஸ்ஸுக்கு முன்னால் நிதானமாக நின்று பிளேன்டீ குடித்தேன். நின்று!

தம்புள்ளை தாண்டி வெயில் அடிக்க ஆரம்பித்தது. தாரணி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சுவெட்டர், சாக்ஸ், தலைத்துணி. கடைசியில் பனியனோடு உட்கார்ந்து, "இங்க ஆளுங்க அடுப்புக்குள்ளயா இருக்காங்க?"

தங்கின இடம் சின்ன அறை, மின்விசிறி சத்தம். பரவாயில்லை. வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 13, புதன்

கடல்.

ரோட்டு ஓரத்திலிருந்து மணல் ஆரம்பம். வண்டியை உற்சாகமாகத் தள்ளினேன். நாலடி போகவில்லை, முன்சக்கரம் புதைந்துவிட்டது. பின்னால் இழுத்தேன், பின்சக்கரமும். லேசான வண்டி, சின்னச் சக்கரம், மணலில் ஒன்றுக்கும் ஆகாது. அத்தனை வீடியோவில் ஒருத்தியும் இதைச் சொல்லவில்லை. கடல் அதோ தெரிகிறது, நாங்கள் இங்கே நிற்கிறோம். வெயிலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமா, களைப்பா, தெரியவில்லை.

இவர் குனிந்தார். "வா தங்கம், அப்பா தூக்குறேன்."

"தூக்க வேணாம்."

"ஏன்டா?"

"எறக்கி விடுங்க. நானே போறேன்."

வீட்டுக்குள் அவள் அப்படித்தான் போவாள். முழங்கையை ஊன்றி, உடம்பை இழுத்து, சிமெண்ட் தரையில் சர்ரென்று. வெளியே நான் விட்டதில்லை. சேறு, கல் என்று சொல்வேன். சேறும் கல்லும் மட்டும் காரணமில்லை.

சுற்றி ஆட்கள். பந்து விளையாடுகிற பையன்கள், ஐஸ் விற்கிறவர், குடையோடு ஒரு குடும்பம். இவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும் போல. வாரைக் கழற்றினேன்.

இறங்கினாள். ஒரு கை மணலை அள்ளிப் பார்த்தாள். பிறகு முழங்கையை ஊன்றி ஆரம்பித்தாள். மணலில் அவளுக்குப் பின்னால் ஒரு அகலமான தடம். பந்து விளையாடுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். குடைக் குடும்பம் பார்த்தது, நன்றாகவே பார்த்தது. பார்க்கட்டும் என்று எனக்குத் தோன்றியதாக எழுத ஆசை. தோன்றவில்லை. முகம் எரிந்தது. ஆனாலும் போய்த் தூக்கவில்லை. அவள் பக்கத்திலேயே நடந்தேன், அவள் வேகத்துக்கு. கொஞ்ச தூரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். "இன்னும் எவ்ளோம்மா?"

"கொஞ்சம்."

"சொல்லாதீங்க, நானே பாக்கிறேன்."

ஈர மணல் வந்ததும் வேகம் பிடித்தாள். அலை ஒன்று வந்து நெஞ்சுவரை நனைத்தது. கத்தினாள். ஒரு நிமிடம் என் உயிரே போனது. கத்தல் இல்லை, சிரிப்பு. இவர் கட்டியிருந்த சாரத்தோடு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அவள் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில். நானும் உட்கார்ந்தேன். சேலை பாழ்.

கிளினிக் மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. கை நல்ல பலம். அவளே தள்ளப் பழகலாம். ஊருக்குப் போனதும் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த மூலையில் நிற்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வண்டிக்குள் மணல். மடிக்கும்போது நறநறவென்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வண்டியைக் கழுவிக் காயவைத்து, காலையிலேயே கோணேசர் கோயிலுக்கு. கோட்டை வாசலைத் தாண்டியதும் மரத்தடியில் மான்கள், ஆடு மாதிரி சாதாரணமாக. தாரணி ஒவ்வொன்றுக்கும் வணக்கம் சொன்னாள். ஒன்று வந்து வண்டியை முகர்ந்தது.

பிறகு ஏற்றம். தார் ரோடு, சக்கரம் நன்றாக உருள்கிறது. பாதியில் முதுகு வியர்த்துவிட்டது. இவர் கேட்டார், நான் தரவில்லை.

பின்னால் ஹோன். ஒதுங்கினோம். அண்ணனின் வேன்.

கண்ணாடியை இறக்கினார். முகத்தில் என்ன என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உள்ளே அண்ணி மடியிலிருந்த பைகளை அவசரமாகக் கீழே வைத்தாள்.

"எப்ப வந்தீங்க? சொல்லவே இல்லையே." பிறகு, "ஏறுங்க, ஏறுங்க. எடம் பண்ணிக்கலாம். வெயில்ல ஏன்..."

என் வாயில் நிறைய வந்தது. எதை முதலில் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாரணி முந்திக்கொண்டாள்.

"வேணாம் மாமா. நாங்க நடந்து போறோம்."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு இறங்கி, அண்ணியின் தங்கை கணவரிடம் ஓட்டச் சொல்லிவிட்டார். வேன் மேலே போனது. அவர் எங்களோடு.

"குடு கலா, கொஞ்சம் நான் தள்ளுறேன்."

"நானே தள்ளுறேண்ணே."

வற்புறுத்தவில்லை. பக்கத்தில் நடந்தார். மேலே போகப் போகக் கடல் காற்று பலமாகி, வண்டியின் கூரை படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அண்ணன் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். உச்சி வரும் வரை விடவில்லை.